சீஸ் டப்பாவும் ஈயக் கரண்டியும்

ஏனாத்தூரில் வளர்ந்தவனுக்கு ‘அச்சு’ என்றால் முதலில் தறியில் இருக்கும் அச்சுதான். பாவு இழை ஒவ்வொன்றும் புகுந்து வரும் சீப்பு மாதிரியான சாமான். ஒரு பாவு முடிந்து அடுத்ததை ஏற்றும்போது பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். பிணைப்பது என்று சொல்வோம். அம்மா அச்சு பிணைக்கப் போயிருக்கிறாள் என்றால் சாயங்காலம்தான் வருவாள் என்று அர்த்தம். அச்சு என்றால் புத்தகம், பேப்பர் என்பதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் தெரிந்த விஷயம்.

இரண்டாவது அச்சைக் காட்டியவர் பெரியப்பா. காஞ்சிபுரத்தில் ஒரு டிரெடில் மிஷினை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தார். அவர் கடையில் என்னைக் கவர்ந்தது மிஷின் இல்லை, அடுப்பு. மை தடவும் ரோலரை அவரே வார்ப்பார். வச்சிரத்தை ஊற வைத்து, வெல்லப்பாகு சேர்த்து, தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து உருக்கி, எண்ணெய் தடவிய இரும்புக் குழாய்க்குள் ஊற்றுவார். வாசனைக்கு நாங்கள் சுற்றி நிற்போம். “தொடாதீங்கடா, அது தின்ற பாகு இல்ல, ரோலர் பாகு” என்பார். வெயில் காலத்தில் ரோலர் இளகிவிடும், மழைக் காலத்தில் ஈரம் குடித்து உப்பும். பருவத்துக்குத் தகுந்தபடி வெல்லமும் வச்சிரமும் மாறும். இந்தக் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை, அவர் கையில்தான் இருந்தது.

அதே அடுப்பில் ஈயமும் உருகும். சிறு வயதில் சென்னையில் ஒரு டைப் பவுண்டரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர் அவர். உடைந்த எழுத்துகளை உருக்கி, வரிக்கும் வரிக்கும் நடுவில் வைக்கும் ஈயப் பட்டைகளைத் தானே ஊற்றிக்கொள்வார். லேத் பட்டறையில் சொல்லிச் செய்த இரண்டு இரும்புப் பலகையும் ஒரு பிடியும்தான் மோல்டு. கரண்டி, வீட்டிலிருந்து பெரியம்மாவுக்குத் தெரியாமல் வந்தது.

இதெல்லாம் மறந்தே போயிருந்தது. வேலை விஷயமாக அமெரிக்காவில் ஒன்றரை வருஷம் இருந்தபோது அலுவலக நண்பர் ஒருவர் தன் வீட்டு கராஜுக்குக் கூட்டிப்போனார். அவருடைய பொழுதுபோக்கு துப்பாக்கிக் குண்டு வார்ப்பது. அந்த ஊரில் சட்டப்படி அது ஒரு வீட்டு வேலை, மரவேலை மாதிரி. எனக்குத் துப்பாக்கி மேல் எந்த ஈர்ப்பும் கிடையாது. ஆனால் அந்த மேஜையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். எவர்சில்வர் கரண்டியை அராவிச் செய்த அகப்பை. சமையலறையில் கேக் சுடும் குழித் தட்டு, இவரிடம் ஈயப் பாளம் ஊற்றும் அச்சு. பாக்குவெட்டி மாதிரித் திறந்து மூடும் இரண்டு துண்டு மோல்டு, அதற்கு அவரே கடைந்த மரப்பிடி. பெரியப்பாவின் அடுப்பேதான். மூலையில் ஒரு பெட்டி நிறைய ஈயம். கார் சக்கரத்தின் சமநிலைக்கு ஒட்டும் துண்டுகள், கூடவே பழைய லைனோடைப் பாளங்கள், உதிரி அச்செழுத்துகள். “பேப்பர்காரன் ஈயம்தான் பெஸ்ட்” என்றார். எழுத்துக்கு வேண்டிய கடினம் குண்டுக்கும் வேண்டியிருக்கிறது. கையை விட்டு ஒரு எழுத்தை எடுத்தேன். இடவலம் மாறிய ‘ஆர்’. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது குண்டாகியிருக்கும்.

அதைவிட என்னை உறுத்தியது மேஜை மேல் இருந்த நோட்டுப் புத்தகம். தேதி, கலவை, சூடு, எடை, எந்தக் கருவியை எப்படி மாற்றினார், எது சொதப்பியது என்று நாற்பது வருஷக் கணக்கு. ஒரு பொழுதுபோக்குக்காரர் தன் கரண்டிக்குச் செய்த மரியாதை அது. 1578-லிருந்து ஈயத்தில் எழுத்து வார்க்கும் ஒரு மொழி தன் கரண்டிக்கு அதைச் செய்யவில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. திரும்பி வந்த பிறகு தமிழ் அச்சு வரலாறு பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தோன்றியது சரிதான் என்று ஆயிற்று. இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் புகார்.

நம் அச்சு வரலாறு இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்று ‘முதல்’களின் பட்டியல். முதல் புத்தகம், முதல் அகராதி, முதல் பத்திரிகை. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘கிறிஸ்தவமும் தமிழும்’ 1936-ல் வந்தபோது இந்தத் தகவல்களைத் தமிழில் ஒரு இடத்தில் தொகுத்ததே பெரிய காரியம். பிறகு வந்தவர்கள் பலர் அந்தப் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பிரதி எடுத்தார்கள், அதுதான் சோர்வு. இன்னொன்று ஆ. இரா. வேங்கடாசலபதி போன்றவர்களின் சமூக வரலாறு. ‘தி பிராவின்ஸ் ஆஃப் தி புக்’ பதிப்பாளர், புரவலர், வாசகர் என்று புத்தகத்தைச் சுற்றியிருந்த உலகத்தையே எழுப்பிக் காட்டியது. நான் மதிக்கிற நூல். அதன் கேள்வி வேறு, உலைக்களத்தை அதனிடம் கேட்பது நியாயமில்லை. ஆனால் வேறு யாரிடம் கேட்பது? புத்தகத்தை எழுதியவர், அச்சிட்டவர், விற்றவர், படித்தவர் எல்லோரும் வந்துவிட்டார்கள். எழுத்தை வார்த்தவர் மட்டும் வரவில்லை.

அவர் என்ன செய்தார் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என் புகார் புரியாது. எஃகுத் தண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்குவது முதல் வேலை. அதற்குப் பஞ்ச் என்று பெயர். அதைச் செப்புத் துண்டின் மேல் வைத்து அடித்தால் எழுத்து குழியாக விழும். அது மேட்ரிக்ஸ், தாய் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் குழி அடியில் இருக்க, அதன்மேல் கையடக்கமான மோல்டை வைத்து ஈயக் கலவையை ஊற்ற வேண்டும். சாதாரண மோல்டுக்கு ஒரே அளவுதான் வார்க்கத் தெரியும். எழுத்து மோல்டின் சூட்சுமம் அது நகரும் என்பதில் இருக்கிறது. ‘ட’வின் அகலம் வேறு, ‘ணூ’வின் அகலம் வேறு, ஆனால் உயரம் இம்மி பிசகக் கூடாது. ட எழுத்து வடிவத்தில் இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று வழுக்கி, அகலத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும்; உயரம் பூட்டியபடி இருக்கும். குட்டன்பெர்க்கின் கண்டுபிடிப்பு அச்சுப்பொறி என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்தப் பொறி திராட்சை பிழியும் செக்கின் தம்பி. அவருடைய சாதனை இந்தக் கையடக்கச் சாமானில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் பக்கம் நான்.

உலோகமும் சும்மா இல்லை. காரீயம் மட்டும் என்றால் 327 டிகிரியில் உருகும், ஆறினால் மெத்தென்று இருக்கும், நாலு தடவை அடித்தால் முகம் மழுங்கிவிடும். ஆண்டிமணி சேர்த்தால் கடினப்படும், ஆறும்போது சுருங்குவதும் குறையும். வெள்ளீயம் சேர்த்தால் குழியின் மூலை வரை ஓடும். லைனோடைப் கலவை நூற்றுக்கு 84 பங்கு காரீயம், 12 ஆண்டிமணி, 4 வெள்ளீயம். கிட்டத்தட்ட 240 டிகிரியிலேயே உருகிவிடும். சொல்ல மறந்தேன், பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம். காரீயத்தில் ரசம் வைத்தால் கதை வேறு.

இதை வைத்துக்கொண்டு பழைய கதைகளைத் திரும்பப் படித்தால் அவை வேறு மாதிரி தெரிகின்றன. கொல்லத்தில் 1578-ல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். அண்ட்ரிக் அடிகளாரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கோவாவில் 1577-ல் வார்த்த எழுத்து, கொல்லத்தில் 1578-ல் வார்த்த எழுத்து என்று இரண்டு மாதிரிகளைத் தனித்தனியாக அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். கோவாவில் செய்தவர் ஜுவான் கொன்சால்வஸ் என்ற யேசுசபைச் சகோதரர், கொல்லத்தில் ஜுவான் தெ ஃபாரியா. ஜெபப் புத்தகத்தின் கடைசியில் இதற்கு என்ன வேலை? நான் இதை வெர்ஷன் குறிப்பு என்றே படிக்கிறேன். போன வருஷம் இப்படி வந்தது, இந்த வருஷம் இப்படித் திருத்தியிருக்கிறோம், பாருங்கள். மென்பொருள்காரன் எல்லாவற்றையும் தன் கண்ணாடியில் பார்க்கிறான் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் முதல் தமிழ்ப் புத்தகத்தை உண்டாக்கியவர்களுக்குத் தங்கள் கருவி மேல் இருந்த அக்கறை அதன் வரலாற்றை எழுதியவர்களுக்கு இல்லை என்பது சிரிக்கிற விஷயமில்லை.

தரங்கம்பாடி கதை இன்னும் பிரபலம். சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்குகிறார். அவர் அனுப்பிய எழுத்து மாதிரிகளைப் பார்த்து ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்து செய்து அனுப்புகிறார்கள். 1713-ல் அது வந்து சேர்கிறது. எழுத்து ரொம்பப் பெரியது. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அடிக்கக் காகிதம் கட்டுப்படியாகாது. கூடவே வந்த ஆட்லர் என்பவர் சின்ன எழுத்து வார்க்க முனைகிறார், ஈயம் போதவில்லை. இங்கிலாந்திலிருந்து மிஷனுக்கு வந்த செஷர் சீஸ் டப்பாக்களின் ஈய மூடியை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்பது கதை. 1715-ல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது.

தமிழ் அச்சு பற்றிய கட்டுரைகளில் இந்தச் சீஸ் டப்பா அடிக்கடி வரும். வந்து ஒரு புன்னகையை வாங்கிக்கொண்டு போய்விடும். என் சண்டை அந்தப் புன்னகையோடுதான். மூடி கிடைத்தது அதிசயமில்லை. ஈயம் எங்கும் கிடைக்கும். மீன் வலையில் இருக்கிறது, கூரையில் இருக்கிறது. அந்தச் சின்ன எழுத்துக்குப் பஞ்ச் யார் செதுக்கியது? ஹாலேயில் சரியாக வராத நெளிவுகள் இங்கே எப்படிச் சின்னதாக வந்தன? பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு தட்டாரோ கன்னாரோ உட்காராமல் இது நடந்திருக்குமா? நான் படித்தவற்றில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கதையின் நடுவில் நிறுத்திக் கேட்கவில்லை. மூடி கதையில் நிற்கிறது, கை போய்விட்டது.

வங்காளத்தோடு ஒப்பிட்டால் நம் நஷ்டம் தெரியும். 1778-ல் ஹால்ஹெட்டின் வங்காள இலக்கணம் வந்தது. எழுத்து செய்தவர் சார்லஸ் வில்கின்ஸ். அவரோடு சேர்ந்து வேலை பார்த்த கருமான் பஞ்சானன் கர்மாகர். பின்னால் செராம்பூர் மிஷனுக்கு எழுத்து வெட்டிக் கொடுத்தவரும் அவர்தான், அவருக்குப் பின் மருமகன் மனோகர். வங்காளத்தில் அச்சு பற்றிப் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் பஞ்சானன் பெயர் வந்துவிடும். தமிழில் அந்த இடத்துக்கு ஒரு பெயர் சொல்லுங்கள். அமெரிக்க மிஷன் அச்சகத்தின் பி. ஆர். ஹன்ட் பெயர் வரும். அவர் அச்சிட்ட வின்ஸ்லோ அகராதி, 1862, இன்றைக்கும் கண்ணுக்கு இதமானது. ஆனால் ஹன்ட் முதலாளி. உளி பிடித்தவர் யார்?

பெயர் தெரியவில்லை என்பது வெறும் உணர்ச்சிப் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். கருவியை விட்டுவிட்டதால் நாம் தப்பாக விளக்கும் விஷயங்கள் இருக்கின்றன. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் 1935-ல் தன் பத்திரிகையில் கொண்டுவந்தார், 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. பதின்மூன்று எழுத்துகள் மாறின. யானைத் தும்பிக்கை வைத்த லை, ளை, னை, ணை போயிற்று. சுழித்துக்கொண்டு நின்ற ணா, றா, னாவும் அவற்றின் ஒகர ஓகார வரிசையும் போயின. ஆதரித்தவர்கள் அச்சுக்கோப்பது எளிதாகும் என்றார்கள். எதிர்த்தவர்கள் மரபு போச்சு என்றார்கள். இரண்டு தரப்பிலும் யாராவது கேஸைத் திறந்து எண்ணினார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நான் எண்ணிப் பார்த்தேன். 247 எழுத்து என்பது இலக்கணக் கணக்கு. ஈயக் கணக்கு இப்படி: ஒவ்வொரு மெய்க்கும் க், க, கி, கீ, கு, கூ என்று ஆறு அச்சு. பதினெட்டு மெய்க்கு 108. உயிர் பதினொன்று, ஏனென்றால் ஔவுக்கு ஒவையும் ளவையும் சேர்த்து வைத்துவிடலாம். ஆய்தம் ஒன்று. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு நாலு. ஆக 124. இதோடு சுழித்த மூன்றும் தும்பிக்கை நாலும் சேர்ந்தால் 131. வார்ப்படத்துக்கு வார்ப்படம் கொஞ்சம் மாறும், கிரந்தத்தைச் சேர்க்கவில்லை. பதின்மூன்று எழுத்தை மாற்றியதில் கேஸில் காலியான அறை ஏழு. 131-க்கு ஏழு. அதே கேஸில் உகர ஊகாரத்துக்கு மட்டும் 36 அறை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஈயத்தை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் முதலில் கை வைத்திருக்க வேண்டிய இடம் அது.

பெரியப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் ஒரே வரியில் அதைத் திருத்தினார். “ஏழு அறை பெருசில்லடா. அந்த ஏழும்தான் எப்பவும் தீர்ந்துபோகும்.” ‘லை’யும் ‘னா’வும் தமிழில் எத்தனை தடவை வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். இல்லை, வேலை, என்னை, நான் சொன்னால். ஒரு நோட்டீஸ் கோக்கும்போது பாதியில் ‘லை’ தீர்ந்துவிட்டால் வேலை நிற்கும், ஏற்கனவே அடித்த பக்கத்தைப் பிரித்தால்தான் மறுபடி எழுத்து கிடைக்கும். ‘ல’வும் ஐகாரக்கொம்பும் தனித்தனியாக இருந்தால் எல்லா மெய்க்கும் அதே கொம்பு உதவும். அறையின் எண்ணிக்கையை விடத் தீர்ந்துபோகிற வேகம்தான் கம்பாசிட்டரின் நிஜப் பிரச்சினை. என் கணக்கு அதைக் கேட்கவே இல்லை. நாற்பது வருஷமாக இலக்கியக்காரர்கள் கொள்கை பேசிய விஷயத்துக்கு ஒரு டிரெடில்காரரிடம் இருந்த விளக்கம் இது. யாரும் போய்க் கேட்கவில்லை, நான் உட்பட. காஞ்சிபுரத்தில் அவர் மாதிரி எத்தனை பேர் இருந்திருப்பார்கள். அண்ணா 1942-ல் ‘திராவிட நாடு’ ஆரம்பித்தது இந்த ஊரில்தான். அந்த இதழ்களைப் பத்திரப்படுத்தியிருக்கிறோம், கோத்த கைகளை இல்லை.

எழுத்தும் குண்டும் ஒரே ஈயம் என்பது எனக்கு அமெரிக்கக் கராஜில் உறைத்தது. சர்க்காருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கொள்ளைப் பொருளோடு பிரெஞ்சுக்காரரின் அச்சுப்பொறியும் சென்னைக்கு வந்தது. வேப்பேரியில் ஃபப்ரீஷியஸிடம் அதைக் கொடுத்தார்கள், சர்க்கார் வேலையையும் அடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1835-ல் மெட்காஃப் கட்டுப்பாட்டை எடுக்கும் வரை அச்சகம் வைக்க உரிமம் கேட்டார்கள். 1878-ல் லிட்டன் காலத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன: ஒன்று இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு, மற்றது ஆயுதச் சட்டம். பத்திரிகைச் சட்டம் ரிப்பன் காலத்தில் போய்விட்டது. ஆயுதச் சட்டத்தை 1959-ல் நாம் புதிதாக எழுதிக்கொண்டோம். அதன்படி தோட்டா என்ற சொல்லுக்குள் தோட்டா செய்யும் இயந்திரமும் அடக்கம். என் நண்பரின் மரப்பிடி போட்ட மோல்டு ஏனாத்தூரில் இருந்தால் உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. கருவியைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும் என்ற புத்தி சட்டம் எழுதுகிறவர்களுக்கு எப்போதும் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஜோசப் மாக்ஸன் 1683-84-லேயே எழுத்து மோல்டின் ஒவ்வொரு துண்டுக்கும் படம் போட்டு, எப்படி அராவுவது, எப்படி ஊற்றுவது என்று புத்தகம் எழுதிவிட்டார். ஆன்ட்வெர்ப் நகரத்தில் பிளான்டின் அச்சகத்தின் பஞ்சுகளும் மேட்ரிக்ஸ்களும் மோல்டுகளும் அருங்காட்சியகமாக இருக்கின்றன. நாம் ஓலைச்சுவடிக்குக் கண்ணீர் விடக் கற்றுக்கொண்டோம். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்த கதை நமக்குப் பாடம், 2003-ல் சுவடிகளுக்கென்று தேசிய இயக்கமே வந்தது. அவர் சுவடியிலிருந்து எடுத்ததைத் தாங்கி நின்ற ஈயத்துக்கு என்ன ஆயிற்று என்பது ‘என் சரித்திரம்’ படித்த ஆயிரம் பேரில் ஒருவருக்குத் தோன்றியிருக்குமா? ஆஃப்செட் வந்ததும் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்டோம். ஓலை செல்லரித்துப் போனது. இதை நாமே தராசில் ஏற்றினோம்.

பெரியப்பாவும் போட்டார். மூன்று கேஸ் எழுத்து, ஒரு மூட்டையில். பழைய இரும்புக்காரர் எடுத்துப்போய் என்ன செய்தார் என்று கேட்டதற்கு, “பேட்டரிக்குப் போயிருக்கும், வலைக்குப் போயிருக்கும், யாரு கண்டா” என்றார். கரண்டி மட்டும் மிச்சம். பரண் மேல் ரோலர் குழாய்க்குள் செருகியிருந்தது.

போன தீபாவளிக்குப் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அவரைப் பேசச் சொன்னேன். எண்பதை நெருங்குகிறார், காது மந்தம். ஈயத்தோடு இத்தனை வருஷம் இருந்தீர்களே, உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையா என்றேன். தினம் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், அதுதான் மருந்து என்று முதலாளி சொன்னாராம். வாழைப்பழம் மட்டும் கிடைத்ததாம், பால் கிடைக்கவில்லை. பிறகு கரண்டியை வாங்கி வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையில் இல்லாத மோல்டைப் பிடித்தார். ஊற்றுவது போல் சாய்த்தார். உடனே இடது கையை மேலே தூக்கி வெடுக்கென்று ஒரு உதறு. ஈயம் குழியின் கடைசி மூலை வரை போக வேண்டுமென்றால் ஊற்றின அதே நொடியில் அந்த உதறல் விழ வேண்டுமாம். ஒவ்வொரு எழுத்துக்கும் உதறல் வேறயாம். ‘ட’வுக்குச் சும்மா, ‘ணூ’வுக்கு இரண்டு தரம்.

“இதுக்குத் தொழில்ல என்ன பேரு பெரியப்பா?”

“அதுக்கு என்னடா பேரு” என்றார். “உதறுறதுதான்.”